இதற்கு மேல் கறை போகாது

ஹொக்கைடோ
ஏப்ரல் 6, 2003

அன்புத் தங்கை ஹிசாயோவுக்கு,

அங்கே செர்ரி பூத்திருக்கும். இங்கே நேற்று கூரையிலிருந்து பனிக்கட்டி சரிந்து ஒரு சைக்கிளை நசுக்கிவிட்டது. நீயும் மாப்பிள்ளையும் மகள் அகானேயும் உன் மாமியாரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். எனக்கு உடம்பு தேவலை. மாத்திரை காலையில் மூன்று, இரவில் ஐந்து.

ஆஸ்பத்திரியை விட்டு இந்த இல்லத்துக்கு வந்து இரண்டு வருஷம் ஆகப்போகிறது. இருபத்திரண்டு வருஷம் ஒரே ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தவனுக்கு, திரும்பின பக்கமெல்லாம் கடலாக இருப்பது இன்னும் பழகவில்லை. எங்கள் பன்னிரண்டு பேரையும் வைத்து இல்லம் ஒரு சலவைக்கூடம் நடத்துகிறது. விடுதிகளின் விரிப்பு, கோயில் அங்கி, மீன் சந்தைக்காரர்களின் மேலுடுப்பு எல்லாம் வரும். இதுவரை எனக்கு மடிக்கும் வேலை. அடுத்த மாதம் சீட்டுக் குத்தும் மேசைக்கு மாற்றுகிறார்களாம். பதவி உயர்வு, வீட்டில் எல்லாரிடமும் சொல்லு.

வியாழக்கிழமை சாயங்காலம் இங்கே ‘சிரிப்பு நேரம்’ உண்டு. நர்ஸ் குடோ ஆரம்பித்து வைத்தது. அவரவர் நோயை அவரவரே எழுந்து நின்று வேடிக்கையாகச் சொல்ல வேண்டும். போன வாரம் ஒனுமா அம்மாள் சொன்னார்: “மத்தியானம் பன்னெண்டு மணிக்கு ஊர்ச் சங்கு ஊதுதே, அது முப்பது வருஷமா எனக்குத்தான் ஊதுது. ‘ஒனுமா, சாப்பிடு’ங்குது. பெரியவங்க சொன்னா தட்ட முடியுமா? சாப்பிட்டேன். உடம்பப் பாருங்க.” டாக்டர் நாற்காலியிலிருந்து நழுவிவிட்டார். போன வருஷம் எங்கள் நோய்க்குப் புதுப் பெயர் வைத்தார்களே, அதற்கு ஷிபாத்தா கேட்டது: “முப்பது வருஷம் பழைய பேர்ல பைத்தியமா இருந்தவன் நான். இப்ப விசிட்டிங் கார்டெல்லாம் மாத்தி அடிக்கணுமா?”

விதி ஒன்றே ஒன்றுதான். சொல்வதற்கு முன்னால் பலகையில் எழுத வேண்டும். பலகையில் இரண்டு கட்டம்: ‘நடந்தது’, ‘வந்தது’. உலகத்தில் நடந்தால் முதல் கட்டம், தலைக்குள் வந்தால் இரண்டாவது. எதில் இருந்தாலும் சிரிக்கலாம். எது எதில் என்று சொல்கிறவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

எல்லாரும் சிரிக்கும்போது நான் மட்டும் எழுந்து கழிப்பறைக்குப் போய்விடுகிறேன். ஆஸ்பத்திரியில் தனியாகச் சிரித்தால் குறிப்பேட்டில் ‘வெறுஞ்சிரிப்பு’ என்று எழுதுவார்கள். மறுநாள் ஒரு மாத்திரை கூடும். அந்தப் பழக்கத்தில் என் தலைக்குள் பேசும் குரல், வாய் கொஞ்சம் கோணினாலே, “சிரிச்சான், எழுதிக்கோ” என்கிறது. ஃபோனில் பேசினால் எது உன் பேச்சு, எது அதன் பேச்சு என்று பிரிப்பது கஷ்டம். அதனால் கடிதமே போடு. காகிதத்தில் ஒருத்தர்தான் பேச முடியும்.

அண்ணன்
தெய்ஜி


தொயாமா
ஏப்ரல் 27

மதிப்புக்குரிய அண்ணாவுக்கு, ஹிசாயோவின் பணிவான வணக்கம்.

செர்ரி போன வாரமே உதிர்ந்துவிட்டது. மலையில் பனி பாதிவரை உருகியிருக்கிறது. காலையில் குளிரும் பகலில் இளவெயிலுமாக இருக்கிறது. இந்தப் பருவத்தில்தான் சளி பிடிக்கும், நெஞ்சை மூடிக்கொள்ளுங்கள். இங்கே எல்லாரும் நலம். உங்கள் பதவி உயர்வைக் கேட்டு மகிழ்ந்தேன்.

அகானேவுக்கு வரன் பார்க்கிறோம். பையன் நகராட்சியில் வேலை, கௌரவமான குடும்பம். நான்கு பக்கமும் விசாரிக்கிறார்கள். இந்தச் சமயத்தில் ஒரு சின்ன வேண்டுகோள், தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இல்லத்தின் பெயர் அச்சடித்த உறையில் கடிதம் போடாதீர்கள். வெறும் உறையில் உங்கள் பெயர் மட்டும் இருந்தால் போதும். தபாலை மாமியார்தான் எடுத்து வருகிறார். நீங்கள் வடக்கே மீன்பிடிச் சங்கத்தில் வேலை பார்ப்பதாகச் சொல்லி வைத்திருக்கிறேன்.

மின்மினிக் கணவாய் ஒரு டப்பா தனியே அனுப்பியிருக்கிறேன். சின்ன வயதில் எனக்குக் கொடுக்காமல் தின்பீர்கள்.

தங்கை
ஹிசாயோ


ஹொக்கைடோ
மே 11

அன்புள்ள ஹிசாயோ,

கணவாய் வந்து சேர்ந்தது. ஷிபாத்தாவின் வாயில் பாதி போயிற்று. இங்கே பனி உருகி எங்கும் சேறு. என் உடம்புக்கு ஒன்றுமில்லை, உங்கள் எல்லாருடைய சுகமும் அறிய ஆசை. வெறும் உறை ஒரு கட்டு வாங்கிவிட்டேன். மீன்பிடிச் சங்கத்து ஊழியனின் வணக்கத்தை மாமியாருக்குச் சொல்.

திங்கட்கிழமை என்னைச் சீட்டு மேசையில் உட்கார வைத்தார்கள். வெளுத்த துணியின் கழுத்துப்பட்டியில் ஸ்டேப்ளரால் சீட்டுக் குத்த வேண்டும். வெள்ளைச் சீட்டு எண்ணுக்கு. மஞ்சள், பித்தான் உடைந்ததற்கு. மூன்றாவது கட்டு இளஞ்சிவப்பு. எடுத்துப் படித்தேன். ‘இயன்றவரை முயன்றோம். இதற்கு மேல் கறை போகாது.’

ஸ்டேப்ளர் கையிலிருந்து விழுந்துவிட்டது. குடோ ஓடி வந்தார்.

“இந்தச் சீட்டு உங்களுக்கும் தெரியுதா?” என்று கேட்டேன்.

“தெரியுதே. கறை போகலைன்னா குத்துறது. நாடு பூரா சலவைக் கடையில இருக்கும். ஏன், என்ன ஆச்சு?”

அப்பாவின் சாவு வீட்டை உனக்கு ஞாபகப்படுத்த வேண்டியிருக்கிறது, மன்னித்துக்கொள். முன் வரிசையில் அம்மா, நான், நீ. அம்மா தலை நிமிரவே இல்லை. நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பிக்கு. ‘இறந்தவரின் மாசெல்லாம் கழுவப்படுக’ என்று அவர் ஓதிக்கொண்டிருக்கும்போது, அவர் அங்கியின் கழுத்தில் ஓர் இளஞ்சிவப்புச் சீட்டு ஆடிக்கொண்டிருந்தது. இதற்கு மேல் கறை போகாது. நம் அப்பாவை நினைத்துப் பார். குடித்துவிட்டு வந்து நம் சைக்கிள் கடையிலிருந்த பம்பால் அம்மாவை அடித்த மனுஷன். எனக்குச் சிரிப்பு வந்தது. நிற்கவில்லை. மாமாக்கள் இரண்டு பேர் என் கையைப் பிடித்து வெளியே இழுத்துப் போனார்கள். மறுநாள் ஆஸ்பத்திரி. பிக்குவின் கழுத்தில் சீட்டு இருந்தது என்று டாக்டரிடம் சொன்னேன். எங்கே பார்த்தாலும் தனக்குச் செய்தி வருவதாக நம்புகிறார் என்று எழுதிக்கொண்டார்.

அப்போது எனக்கு நோய் இருந்தது, இல்லையென்று சொல்லவில்லை. இருபது நாள் தூங்கவில்லை. ரேடியோ என்னைப் பார்க்கிறது என்று அதற்குப் போர்வை போர்த்தி வைத்திருந்தேன். அதெல்லாம் ‘வந்தது’தான். இருபத்துநான்கு வருஷமாக அந்தச் சீட்டையும் அதே கட்டத்தில்தான் போட்டு வைத்திருந்தேன். ஆனால் அப்படி ஒரு சீட்டு உலகத்தில் இருக்கிறதே, ஹிசாயோ.

என் பக்கத்தில் தலை நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது நீ ஒருத்திதான். நீ பார்த்தாயா? அது நடந்தது என்றால், வாழ்க்கையில் ஒரு தடவையாவது நான் காரணத்தோடு சிரித்திருக்கிறேன். எனக்கு அது தெரிந்தால் போதும்.

அண்ணன்
தெய்ஜி


தொயாமா
ஜூன் 22

மதிப்புக்குரிய அண்ணாவுக்கு வணக்கம்.

மழைக்காலம் தொடங்கிவிட்டது. பத்து நாளாக விடாமல் பெய்கிறது. துணி காய்வதில்லை. அரிசிப் பானையில்கூட ஈரம் ஏறுகிறது. ஆற்றில் தண்ணீர் கரை தொட்டு ஓடுகிறது. நேற்று ஒரு மணி நேரம் வெயில் தலை காட்டியது, பிறகு மறுபடி மேகம். வாசலில் ஹைட்ராஞ்சியா நீலமாகப் பூத்திருக்கிறது, போன வருஷத்தைவிடக் கொஞ்சம் நீலம் கூடுதல். ஹொக்கைடோவில் மழைக்காலம் கிடையாது என்பார்கள், நீங்கள் கொடுத்துவைத்தவர்.

அகானேவின் பேச்சு நல்லபடியாகப் போகிறது. பதில் எழுதத் தாமதமானதற்கு மன்னிக்கவும். துண்டு ஆறு அனுப்பியிருக்கிறேன். வேளைக்கு மாத்திரை சாப்பிடுங்கள்.

தங்கை
ஹிசாயோ


ஹொக்கைடோ
ஜூலை 3

அன்புள்ள ஹிசாயோ,

நலம்தானே? நானும் நலம். துண்டுக்கு நன்றி. சலவைக்கூடத்தில் இருக்கிறவனுக்குத் துண்டு அனுப்பிய ஒரே ஆள் நீதான்.

உன் கடிதத்தில் மழை, மேகம், ஆறு, பூ நீங்கலாக எனக்கென்று இருந்தது நாலு வரி. தொயாமாவின் மழையை டி.வி.யிலேயே காட்டுகிறார்கள், அந்தப் பெண் உன்னைவிடச் சுருக்கமாகவும் சொல்கிறாள். எழுதக் கஷ்டமாக இருக்கிறது என்று புரிகிறது. அதனால் உன் வேலையைக் குறைத்திருக்கிறேன். கல்யாணத்துக்கு வருகிறீர்களா இல்லையா என்று கேட்டு அனுப்புவார்களே, அந்தப் பதிலட்டை ஒன்று இத்துடன் இருக்கிறது. ‘வருகிறேன்’, ‘வர இயலவில்லை’ என்று இருக்கும் இடத்தில் ‘நடந்தது’, ‘வந்தது’ என்று எழுதியிருக்கிறேன். ஒன்றுக்கு வட்டம் போட்டால் போதும். தபால்தலை ஒட்டியாயிற்று.

அக்டோபர் முதல் வியாழனன்று ஊர் முழுக்கத் திரளும் பெரிய சிரிப்பு நேரம். நான் மேடை ஏறுவதென்றால் ஆகஸ்ட் முடிவதற்குள் பலகையில் எழுதியாக வேண்டும். சொல்வதற்கு என்னிடம் இருப்பது இந்த ஒரு கதைதான். எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று நீ சொல்.

அண்ணன்
தெய்ஜி


தொயாமா
ஆகஸ்ட் 19
(பதிலட்டை)

அண்ணாவுக்கு வணக்கம். வெயில் கடுமையாக இருக்கிறது.

இரண்டாவதற்கு வட்டம் போட்டிருக்கிறேன். அதையெல்லாம் இனி நினைக்க வேண்டாம். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஹிசாயோ


ஹொக்கைடோ
அக்டோபர் 5

அன்புள்ள ஹிசாயோ,

இங்கே காற்று மாறிவிட்டது. ஆற்றில் சால்மன் ஏறுகிறது. எல்லாரும் நலம் என்று நினைக்கிறேன். அட்டை கிடைத்தது. ஒரு வட்டம் போட்டு, அதன் மேலேயே இன்னொரு வட்டமும் போட்டிருந்தாய். சந்தேகமே வேண்டாம் என்று சொல்கிறாய் என்று எடுத்துக்கொண்டேன்.

‘வந்தது’ கட்டத்தில் எழுதி, வியாழக்கிழமை மேடை ஏறிச் சொன்னேன். நூற்றைம்பது பேர் இருப்பார்கள். “எங்கப்பா சாவுக்கு ஒரு பிக்கு வந்தாரு. மாசெல்லாம் கழுவுறேன், கழுவுறேன்னு மணி அடிச்சாரு. பின்னால கழுத்துல சீட்டு தொங்குது, இதுக்கு மேல போகாதுன்னு.” கூரை பறந்துவிடும் போல் சிரித்தார்கள். டாக்டர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். முதல் பரிசு எனக்கு, ஒரு முழு சால்மன். மீன் சந்தைத் தலைவர்தான் கொடுத்தார். “இப்படி எல்லாம் தானா உதிக்கிற மூளை எனக்கிருந்தா நான் ஏன்யா மீன் விக்கிறேன்?” என்று என் முதுகில் தட்டினார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. குரல்கூட ஒன்றும் சொல்லவில்லை. மீனைக் கையில் பிடித்துக்கொண்டு அத்தனை பேருக்கு நடுவில் நின்றேன். ஆஸ்பத்திரியில் தனியறையில் இருந்தபோதுகூட அப்படித் தனியாக இருந்ததில்லை.

அந்தச் சீட்டைப் போல் அவ்வளவு தெளிவாக நான் வேறு எதையும் பார்த்ததில்லை, ஹிசாயோ. அதுவே இல்லையென்றால், இந்த மீனும் கடலும் குடோவும் எந்தக் கட்டம் என்று நான் யாரைக் கேட்பது? ஒவ்வொன்றுக்கும் உனக்குப் பதிலட்டை அனுப்ப முடியாது. அதனால் 31ஆம் தேதி ஆஸ்பத்திரிக்கே திரும்புவதாகச் சொல்லிவிட்டேன். குடோ, “அவசரப்படாதீங்க, தெய்ஜி. குளிர்காலம் போகட்டும்” என்று கெஞ்சுகிறார். அங்கே ஒரு வசதி இருக்கிறது. நான் எதையும் நம்ப வேண்டியதில்லை, எழுதிக்கொள்ள ஆள் இருக்கிறார்கள்.

அகானேவுக்கு என் ஆசிகள். கல்யாணத்துக்கு மீன்பிடிச் சங்கம் லீவு தரவில்லை என்று சொல்லிவிடு.

அண்ணன்
தெய்ஜி


தொயாமா
அக்டோபர் 10
(விரைவுத் தபால்)

அண்ணா,

நடந்தது. நானும் பார்த்தேன்.

இளஞ்சிவப்புச் சீட்டு, கழுத்துப்பட்டியில், கொஞ்சம் இடது பக்கமாக. அச்சடித்த வரிக்குக் கீழே பேனாவால் எழுதியிருந்தது: ‘சோயா சாஸ், இடது கை.’ நீ உன் கடிதத்தில் அதை எழுதவில்லை. படிப்பதற்குள் உனக்குச் சிரிப்பு வந்திருக்கும். நான் படித்தேன். படித்துவிட்டு பிக்குவின் அங்கியில் இடது கையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மணியடிக்கக் கையைத் தூக்கினார். கறை இருந்தது, உள்ளங்கை அகலத்துக்கு.

கன்னத்தின் உள்பக்கத்தைக் கடித்துக்கொண்டேன். ரத்தம் வந்தது. அந்தத் தழும்பு இன்னும் நாக்கில் தட்டுப்படுகிறது. அப்படியும் அடங்காமல் தோள் குலுங்கியது. பின்னாலிருந்து அத்தை முதுகைத் தடவி, “அழுதுடு, அழுதுடும்மா, அடக்காத” என்றாள். நான் சிரித்ததை அழுகை என்று எடுத்துக்கொண்டார்கள். உன்னுடையதை நோய் என்று இழுத்துப் போனார்கள்.

எல்லாம் முடிந்து பிக்கு வாசலில் குனிந்து செருப்பைப் போட்டபோது நான்தான் பின்னாலிருந்து அந்தச் சீட்டைப் பிய்த்தேன். தெருவில் போகும்போது அவருக்கு அவமானமாக இருக்குமே என்றுதான் எடுத்தேன். கைப்பையில் போட்டுக்கொண்டேன். மறுநாள் டாக்டர் என்னைக் கூப்பிட்டு, “அப்படி ஏதாவது சீட்டு இருந்துச்சாம்மா?” என்று கேட்டார். கைப்பை என் மடியில் இருந்தது. சீட்டு அதற்குள் இருந்தது. இல்லை என்றேன்.

ஏன் என்று நீ கேட்கலாம். எனக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அப்பா சாவில் நானும் சிரித்தேன் என்று சொன்னால் என்னையும் ஒரு மாதிரி பார்ப்பார்களே என்று பயந்தேன். எப்படியும் உனக்கு உடம்பு சரியில்லை, வைத்தியம் வேண்டும், ஒரு மாதத்தில் வந்துவிடுவாய் என்று நினைத்தேன். ஒரு மாதம் ஒரு வருஷம் ஆயிற்று. பிறகு ஒவ்வொரு வருஷமும் சொல்வது இன்னும் கஷ்டமாகிக்கொண்டே போயிற்று. அம்மா சாகும்போதுகூட அவளிடம் சொல்லவில்லை. கோடையில் உன் அட்டை வந்தபோது முதல் கட்டத்துக்குத்தான் பேனாவைக் கொண்டுபோனேன். கூடத்தில் மாமியார் நகராட்சிக் குடும்பத்தோடு ஃபோனில் பேசிக்கொண்டிருந்தார். கை இரண்டாவதற்குப் போய்விட்டது. மனசு மாறி மறுபடி முதலாவதற்குப் போய்விடக் கூடாதென்றுதான் இரண்டு தடவை வட்டம் போட்டேன்.

சீட்டு இத்துடன் இருக்கிறது. ஸ்டேப்ளர் பின் துருப்பிடித்திருக்கிறது, விரலில் குத்திக்கொள்ளாதே.

ஆஸ்பத்திரிக்குப் போகாதே அண்ணா. நீ பார்த்தது சரி.

ஹிசாயோ


ஹொக்கைடோ
அக்டோபர் 30

ஹிசாயோவுக்கு,

எல்லாரும் நலம்தானே. என் உடம்பும் பரவாயில்லை. இருபது நாள் பதில் போடாததற்குக் காரணம் தபால்காரன் இல்லை. கோபம். படித்து முடித்ததும் உன் கடிதத்தை டிராயரில் போட்டுப் பூட்டிவிட்டு, சாவியை ஒனுமா அம்மாளிடம் கொடுத்தேன். இருபத்திரண்டு வருஷம், ஹிசாயோ. அந்த ஜன்னலுக்கு வெளியே ஒரு மரம் நட்டு, வளர்ந்து, புயலில் விழுந்தும் போயிற்று. அத்தனை நாளும் இந்தச் சீட்டு உன்னிடம் இருந்திருக்கிறது.

பதினைந்தாவது நாள் ஒனுமா அம்மாளே வந்து சாவியை என் தட்டில் வைத்தார். “சங்கு ஊதிருச்சு. சாப்பிட்டுட்டுப் போய்த் திறந்து பாரு” என்றார். திறந்தேன். சீட்டை எடுத்துக்கொண்டு குடோவிடம் போனேன்.

“இது உங்களுக்கும் தெரியுதா?”

வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். “இதற்கு மேல் கறை போகாது” என்று வாய்விட்டுப் படித்தார். கீழே பார்த்தார். “சோயா சாஸ், இடது கை.” அதற்கு மேல் அவரால் முடியவில்லை, சுவரில் சாய்ந்துவிட்டார்.

அப்போதுதான் எனக்கும் சிரிப்பு வந்தது. சலவைக்கூடத்தில், ஈர விரிப்புகளுக்கு நடுவில். கழிப்பறைக்குப் போகவில்லை. குரல் உடனே, “சிரிச்சான், எழுதிக்கோ” என்றது. நான் சாக்பீஸை எடுத்துப் போய்ப் பலகையில் ‘வந்தது’ கட்டத்தில் இருந்ததை அழித்தேன். ‘நடந்தது’ கட்டத்தில் எழுதினேன். எழுத்து கோணலாக வந்தது.

ஊருக்குள் இதற்குள் பரவிவிட்டது. மீன் சந்தைத் தலைவர் நேரில் வந்து, “பரிசு குடுத்தது வந்ததுக்கு. நடந்ததுன்னா மீனத் திருப்பிக் குடுய்யா” என்கிறார். மீன் வயிற்றுக்குள் போய் மூன்று வாரம் ஆகிறது என்று சொன்னேன். நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. சீட்டு மேசையில் ஆள் இல்லையாம்.

கல்யாணத்துக்குப் பிறகு இப்போதுதான் என்னை ‘நீ’ என்று எழுதியிருக்கிறாய். அப்படியே எழுது. மன்னித்தாயா என்று மட்டும் இப்போது கேட்காதே. இயன்றவரை முயல்கிறேன். இதற்கு மேல் போகாது என்று தெரிந்தால், சீட்டுக் குத்தி அனுப்புகிறேன்.

அண்ணன்
தெய்ஜி


தொயாமா
நவம்பர் 16

அண்ணா,

உன் உடம்பு எப்படி இருக்கிறது? இங்கே மழையா வெயிலா என்று நான் இன்று பார்க்கவில்லை.

இனிமேல் இல்லத்தின் பெயர் அச்சடித்த உறையிலேயே போடு. ஞாயிற்றுக்கிழமை ராத்திரிச் சாப்பாட்டின்போது எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். நீ எங்கே இருக்கிறாய், எத்தனை வருஷம் எங்கே இருந்தாய், யாரால் இருந்தாய் என்று ஒன்று விடாமல். நகராட்சிக் குடும்பத்துக்கும் தெரிவித்தாயிற்று. அவர்களிடமிருந்து இன்னும் பதில் இல்லை. அகானே என்னோடு பேசுவதில்லை.

சீட்டுக் கதையையும் சொன்னேன். மணியடிக்கக் கையைத் தூக்கியது வரைக்கும் நடித்துக் காட்டினேன். யாரும் சிரிக்கவில்லை. என் வீட்டுக்காரர் டி.வி.யைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாமியார் சாப்பாட்டுக் குச்சியைக் கீழே வைத்துவிட்டார். சோயா சாஸ் பாட்டில் மேசை நடுவில் இருந்தது. அதைப் பார்த்தேன், சிரிப்பு வந்துவிட்டது. இந்தத் தடவை கன்னத்தைக் கடிக்கவில்லை. அத்தனை பேருக்கு நடுவில் நான் ஒருத்தி மட்டும் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன், அண்ணா. மாமியார் என்னை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வையை உனக்குத் தெரியும்.

தங்கை
ஹிசாயோ